எந்த ஊர் அவோரித்தா?

யுதெர்காவுக்கு வயது நாற்பத்தேழு. அவள் தைத்துக்கொண்டிருந்த ஆலையை இழுத்து மூடி ஒன்பது மாதம் ஆகிறது. பத்து நேர்காணலுக்குப் போய்ப் பத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்பியவள். இது பதினொன்றாவது: சந்தியாகோ பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை. குரலுக்கு என்ன குறைச்சல்! தெருக்கோடியில் போகிற வாழைக்காய் வண்டியை ஜன்னலில் நின்றே நிறுத்திவிடுவாள்.

மேலாளர் ரொகேலியோ மெக்சிகோக்காரர், வந்து இரண்டு மாதம்தான். அவள் பேசிக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. "அவோரித்தா கூப்பிடுறேன்மா" என்றார்.

அவோரித்தா என்றால் 'அப்புறம்' என்று சந்தியாகோவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அது சாயங்காலமாகவும் இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். அதற்குள் தலையையாவது சரிசெய்துகொள்வோம் என்று எதிரே அழகு நிலையம் வைத்திருக்கும் நுரீஸிடம் போய்த் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு, இரையும் முடி உலர்த்திக்கு அடியில் கண்மூடி உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி, போன் அலறுது!" என்று நுரீஸ் உலுக்கியபோது அது ஆறாவது அழைப்பு.

"எங்கம்மா போனீங்க? ரெண்டு நிமிஷத்துல வந்து பாத்தா ஆளைக் காணோம்! வேலை வேணாமா? அடுத்தவங்கள எடுத்துக்கவா?"

"ஐயையோ, இருங்க சார்!"

கழுத்துத் துணி பறக்க, தலையில் உருளைகளோடு தெருவைக் கடந்து ஓடினாள். பைக்கில் போன ஒருவன் கத்தினான். "மகாராணி, கிரீடத்தோட எங்க கிளம்பிட்டீங்க?"

"வேலைக்குடா!"

ரொகேலியோ அவள் தலையை மேலும் கீழும் பார்த்தார். "அவோரித்தான்னு சொன்னேனேம்மா?"

"அதனாலதானே சார் போனேன்! அவோரித்தான்னா அப்புறம்."

"எங்க ஊர்ல இப்பவேன்னு அர்த்தம்!"

"அப்புறம்!"

டிக்கெட் கிழிக்கும் பெண்ணும் எட்டிப் பார்த்து, "அப்புறம்தான் சார்" என்றாள்.

ரொகேலியோ தொப்பென்று உட்கார்ந்தார். "ரெண்டு மாசமா டிரைவருங்ககிட்ட அவோரித்தா வண்டிய எடுங்கன்னு கத்துறேன். அவங்க சரி சார்னுட்டு காபி குடிக்கப் போறாங்க!"

"பாவம், நீங்க சொன்னபடிதானே செஞ்சிருக்காங்க!"

அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வேலை உங்களுக்குத்தான். நீங்க இல்லாம என் வண்டி ஒண்ணும் நகராது."

யுதெர்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "எப்ப சார் சேரணும்?"

"அவோரித்தா."

"உங்க ஊரு அவோரித்தாவா, எங்க ஊரு அவோரித்தாவா?"

அவர் மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.