மங்கலதேவி மலையில் பவுனு

கூடலூர் பவுனுவுக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டும்போதும் அடுத்த பந்தலில் நிற்பவளுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மங்கலதேவி மலை உச்சியில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போக சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் காட்டுக்குள் விடுவார்கள். புலி நடமாடும் காடு. பளியங்குடியிலிருந்து நெஞ்சை முட்டும் ஏற்றம். மத்தியானம் தாண்டினால் வனக்காவலர்கள் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள், அப்புறம் இறங்கலாம், ஏற முடியாது. வருசம் தவறாமல் கிளம்பி, வருசம் தவறாமல் பாதியில் திரும்புகிறவள் பவுனு. வழியில் எவளாவது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் போதும். தூக்குவாளி மோரைக் கொடுத்து, முந்தானையால் விசிறி, பிறந்த ஊர் புகுந்த ஊரெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் கயிறு விழுந்துவிடும்.

இரண்டாயிரத்து ஏழில் முழங்கால் வீங்கிக்கொண்டது. குமுளி போய், கோயில் வரை போகும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள் வீட்டில்.

"நடந்து வந்து கேட்டாத்தான் ஆத்தா காதுல விழும். இந்த முட்டிய மட்டும் சரிபண்ணிக் குடுன்னு நேருல கேட்டுப்புடணும். இந்த வருசம் விட்டா இனி இந்தக் காலு ஏறாது" என்றாள் பவுனு.

மருமகள் வேல்விழி காவலுக்குக் கூட வந்தாள். மாமியாரின் கையை விடவே இல்லை. "பேச்சக் கொறச்சு நடங்கத்தே!" என்று அதட்டி அதட்டியே புல்மேடு வரை ஏற்றிவிட்டாள். பாவம், பவுனு வாயை மூடிக்கொண்டு நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது.

கயிறு கட்டும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே பாதையோரம் குச்சனூர்க்காரி ஒருத்தி தலைசுற்றிச் சரிந்து கிடந்தாள். பவுனுவின் கை தானாகத் தூக்குவாளிக்குப் போனது. வேல்விழி அதை வெடுக்கென்று பிடுங்கினாள். திட்டு விழப்போகிறது என்று பவுனு தலையைக் குனிந்துகொண்டாள்.

வேல்விழியோ தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "நீங்க போங்கத்தே. இவுகளுக்கு நான் இருக்கேன்."

பவுனு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

பொழுது சாய இறங்கி வந்தாள், முகமெல்லாம் குங்குமம். குச்சனூர்க்காரி தெளிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தாளப் பாத்தீகளா? முட்டிக்குக் கேட்டீகளா?" என்றாள் வேல்விழி.

பவுனு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடியாத்தீ! வரிசையில நின்னவுககிட்ட பூராம் ஒன்னயப் பத்தியே பேசிக்கிட்டுப் போனேனா, சன்னதிக்கு வந்தும் வாய் நிக்கல. என் மருமகளப் பாரு ஆத்தான்னு அவகிட்டயும் அதத்தான் சொல்லிட்டு வந்தேன்."