பட்டி வைத்த நாற்காலி

கல்மண்டபம் பக்கத்துப் பழைய சாமான் கடையில்தான் அந்த நாற்காலியை வாங்கினேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பழைய நாற்காலிக்குக் காசு கொடுத்ததற்கு வீட்டில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். பைத்தியம்தான்.

நல்ல தேக்கு. முதுகு முட்டை வடிவ வளையம். அதற்குள்ளும் உட்காருமிடத்திலும் பிரம்புப் பின்னல். கால்கள் நான்கும் உருண்டை. வெள்ளைக்காரர்கள் கட்டிய கட்டடங்களின் தூண்களைச் சின்னதாக்கித் தலைகீழாக வைத்தமாதிரி, கீழே போகப் போகச் சிறுக்கும். ஒவ்வொரு காலைச் சுற்றியும் மேலிருந்து கீழே பள்ளக் கோடுகள். கால் சிறுக்கச் சிறுக்கக் கோடுகளும் நெருங்கி வரும், ஆனால் ஒன்றையொன்று தொடாது. அந்தக் கோடுகளுக்காகத்தான் வாங்கினேன். அவை இல்லாவிட்டால் அது வெறும் உருட்டுக்கட்டை.

உட்கார்ந்தால் லேசாக ஆடியது. அண்ணன் காசிமேட்டில் படகு ரிப்பேர் செய்பவர். ஆட்டத்தை மட்டும் நிறுத்தித் தரும்படி அவரிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவரே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கால்கள் நான்கும் படகு நீலத்தில் வழவழவென்று இருந்தன. கோடுகளைக் காணோம். ஒரு பள்ளம் விடாமல் பட்டிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற? கால் பூரா பள்ளமா கீது. தண்ணி எறங்கினா உளுத்துப்பூடும். அதான் அடைச்சிட்டேன்" என்றார் பெருமையாக. படகு வேலை பார்ப்பவருக்கு மரத்தில் பள்ளம் என்றால் அது நாளைய ஓட்டை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கூடத்தில் மாமனாரும் அவரைப் பார்க்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அதையும் யோசிக்காமல், "படகத் தவுர மரத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினேன். வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. போட்டுவைத்த காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்.

அதன்பிறகு பத்து நாள் வரவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள், "வேலையா கீறாரு" என்றாள். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நாற்காலிக்காக அவரை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பதினோராம் நாள் காலை உப்புத்தாளும் சின்ன உளியுமாக வந்து நின்றார். வாசலில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் கோடு கோடாகச் சுரண்டினார். நான் எதிரில் உட்கார்ந்து துணியால் துடைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் திமிர் என்னிடம் உண்டு. மதியத்துக்குள் மூன்று கால்கள் பழையபடி ஆகிவிட்டன.

நான்காவது காலில் பாதி சுரண்டியதும் உளியை நிறுத்தி, "இங்க பாரு" என்றார். பள்ளத்தின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உள்ளே மரம் மாவாக இருந்தது. நாற்காலி ஆடியது அதனால்தான். இதை முதலில் பார்த்துப் பயந்துதான் மற்ற மூன்றையும் அடைத்திருக்கிறார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"நீ எங்க சொல்ல வுட்ட?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இதயும் சொரண்டுனா கால் நிக்காது. இன்னா பண்ணட்டும்?" என்றார்.

கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழவேண்டும் என்று உரக்கச் சொன்னேன்: "எனக்குத் தெரியாதுண்ணா. மரம் உனக்குத்தான் தெரியும். நீ சொல்றதுதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு ஊரே கேக்குற மாரி கத்துற?" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பையிலிருந்து பட்டி டப்பாவை எடுத்தார்.