சூரையும் ஒன்பதாவது வரியும்

1. காலை எட்டு மணிக்கு வேறொரு துறைமுகத்திலிருந்து வேனில் ஒரு சூரை மீன் வந்தது. நாற்பத்திரண்டு கிலோ.
2. முதுகெலும்பை ஒட்டி வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். இரண்டு டிகிரி. நல்ல மீன்.
3. மாஸ்டர் தலையையும் துடுப்புகளையும் எடுத்தார்.
4. மீன் நான்கு நீளத் துண்டுகளாயிற்று.
5. முதல் துண்டை முடிக்கும் வேலை அக்காவிடம் கொடுக்கப்பட்டது.
6. அக்கா அதைக் குழாயடியில் கழுவினார்.
7. துண்டு வீணாயிற்று.

அன்று மாலை நிர்வாகிக்கு அனுப்ப நான் எழுதிய குறிப்பு இது. ஒவ்வொரு வரியும் நடந்ததுதான். ஆனால் மொத்தமாகப் படித்தால் தவறு அக்காவுடையது என்று ஆகிவிடுகிறது. அனுப்பும் முன் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜெகதாப்பட்டினத்தில் சிறிய மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். எங்கள் பக்கத்துக் கடலில் இறால், நண்டு, கணவாய் உண்டு. இவ்வளவு பெரிய சூரை கிடையாது. ஆழ்கடலில் பிடித்ததை வெளியூரிலிருந்து வரவழைத்து, பச்சையாக உண்ணும் தரத்தில் வெட்டி அனுப்புவது நிறுவனத்தின் புதுத் திட்டம். அதற்கு ஓர் ஆள் தேவை. ஆகவே சூரை வெட்டிப் பழகிய ஒரு மாஸ்டரின் செயல்விளக்கத்தையும் ஆள் தேர்வையும் ஒரே நாளில் வைத்தார்கள்.

அக்கா மீன் மார்க்கெட்டில் அருவாமனை போட்டு மீன் வெட்டிக் கொடுப்பவர். அவர் கணவர் விசைப்படகில் போகிறவர். ஒருமுறை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். அந்த இரண்டு மாதமும் அதே பயத்தில் ஊரில் முக்கால்வாசிப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. அக்காவுக்கும் வெட்ட மீன் இல்லை. வேலை கேட்டு வந்த அன்றே என்னிடம் சொன்னார்: “வேன்ல வர்ற மீனுன்னா நல்லதுங்க மேடம். படகு போனாலும் போகாட்டியும் எனக்கு வேலை இருக்கும்ல?”

ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஸ்டீல் மேசை போட்டிருந்தோம். மீனைப் பெட்டியிலிருந்து தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

“இது மீனா, கன்னுக்குட்டியா?” என்றார் வேடிக்கை பார்க்க வந்த மீன் வெட்டும் பெண்களில் ஒருவர்.

“இதைப் பச்சையாவா திம்பாய்ங்க?”

“ஒன் குழம்பைத் திங்கிறதுக்கு இது தேவலாம்டி.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரர். நீளக் கத்தியை முதுகெலும்பின் மேல் படுக்கவைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பலகையில் சீப்பை உரசுவதுபோல முள்களில் கத்தி உரசும் சத்தம் வால்வரை போனது. மேல்பாதி புரண்டு விழுந்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பீட்ரூட் சிவப்பு. கத்தியை எங்கும் அழுத்தவில்லை அவர். முள் எங்கே போகச் சொன்னதோ அங்கே போனார். வகுப்பில் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கிய உடற்கூறு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான்கு துண்டுகளானதும் அக்காவைப் பார்த்து, “இங்கிட்டு வாங்கம்மா. ஒண்ணை நீங்க முடிங்க. லிஸ்ட்ல இருக்கபடி” என்று சொல்லி போன் பேச நகர்ந்தார்.

அந்த லிஸ்ட் நான் எழுதி, முந்தின நாளே அக்காவிடம் கொடுத்தது. ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துத் தமிழில் பதினொரு வரிகள். ஒன்பதாவது வரி: ‘துண்டைச் சுத்தம் செய்யவும்.’ ஓரத்துக் கறுப்புச் சதையையும் ஜவ்வையும் வெட்டி நீக்க வேண்டும் என்பது பொருள். என் மனத்தில் மட்டும்.

நான் நோட்டில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அக்கா துண்டை இரண்டு கையிலும் ஏந்தி, மூன்றாவது தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய சூரையில் குழாய்த் தண்ணீர் பட்டால் சதை வெளுத்து நெகிழும், கிருமியும் ஏறும். பச்சையாக உண்ண ஆகாது.

“தண்ணி காட்டிட்டீங்களேம்மா!” என்று மாஸ்டர் ஓடிவந்தார்.

“சுத்தம் பண்ணச் சொல்லித்தானுங்களே எழுதியிருக்கு? கழுவாம எப்படிங்க சுத்தம்?”

“கழுவாத மீனைத் திங்கத்தான் இம்புட்டு படிப்பா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் நின்றார்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இவங்க சரிப்பட்டு வர மாட்டாங்கம்மா. வேற ஆள் பாருங்க. நடந்ததைக் குறிப்பா எழுதி அனுப்புங்க.”

மற்ற மூன்று துண்டுகளை மாஸ்டரே முடித்து வேனில் ஏற்றினார். கழுவிய துண்டைப் பெண்கள் குழம்புக்குப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

குறிப்பை எழுதிவிட்டுப் போனைத் திறந்தேன். முந்தின நாள் அக்கா அனுப்பிய குரல் செய்தி அதில் இருந்தது. “மேடம், ஒம்போதாவதுக்கு உப்புப் போடணுமா?” நான் பஸ் ஏறும் அவசரத்தில் பதில் போட்டிருந்தேன்: “உப்பு வேண்டாங்க்கா, அப்படியே செய்ங்க.” மீனை உப்புப் போட்டுக் கழுவுவதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கழுவுவோம். எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். லிஸ்ட் எழுதியதும் அந்த வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

குறிப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘0. செய்முறையின் ஒன்பதாவது வரியைத் தவறாக எழுதியது நான். அக்கா கேட்டபோதும் தவறாகப் பதில் சொன்னேன்.’ அனுப்பினேன். மறுநாள் நிர்வாகி கூப்பிட்டார்.

“அவங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்லம்மா?”

“எப்படி சார் தெரியும்? நம்ம ஊர்ல சுத்தம்னா தண்ணிதானே.”

“அடுத்த மீன் வரட்டும். பார்ப்போம்” என்றார்.

மார்க்கெட்டுக்குப் போய், நிர்வாகி சொன்னதை அக்காவிடம் சொன்னேன். கொடுவாய் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே கேட்டவர், “அந்த லிஸ்ட்டைத் தமிழ்ல எழுதுங்க மேடம்” என்றார்.

“தமிழ்லதானேக்கா இருக்கு?”

“எங்க? ‘கறுப்பை அரிஞ்சு தள்ளு, தண்ணி காட்டாதே’ன்னு எழுதியிருந்தா நான் ஏன் குழாய்க்குப் போறேன்?”

ஒன்பதாவது வரி இப்போது அவர் சொன்னபடியே இருக்கிறது. மற்ற பத்து வரிகளையும் அவருக்குப் படித்துக்காட்டி, இரண்டை மாற்றினேன். அடுத்த பெரிய சூரை இன்னும் வரவில்லை. சூரை வெட்டும் ஆளுக்கான இடம் காலியாக இருக்கிறது. அக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறார், படகு போகும் நாள்களில்.