நாலாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஸ்கூட்டர்

போன வாரம் ஜெசிந்தா என் அன்னவாசல் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தாள். ஓட்டிக்கொண்டு அல்ல... தள்ளிக்கொண்டு!

"போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுடி. நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அதுக்குள்ள நின்னுபோச்சு" என்று மூச்சு வாங்கினாள்.

நாங்கள் ஒரே கம்பெனி. அவள் எழுதும் புரோகிராமை நான் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு ஒரு டிரைவர் — அதாவது, கணினியின் கெர்னல் என்கிற கருவுக்குள் உட்கார்ந்து ஒரு கார்டை இயக்கும் புரோகிராம். கடற்கரை மீன் கிடங்குகளில் குளிரைக் கவனிக்கிற பெட்டிக்கு. நான் ஓகே சொன்னால்தான் அவள் கிளம்ப முடியும். சாயங்காலம் ஆவூரில் தேர். மாமியார் வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

நான் ஓகே சொல்லவில்லை.

கார்டு, 'என்னிடம் இத்தனை சென்சார்' என்று ஒரு எண்ணைச் சொல்லும். டிரைவர் அதைச் சென்சாருக்குப் பதினாறு பைட் என்று பெருக்கி, தலைப்பகுதிக்கு இருபத்து நாலைக் கூட்டி, அவ்வளவு மெமரி கேட்கும். அந்தப் பெருக்கலை ஜெசிந்தா கையாலேயே எழுதியிருந்தாள். கார்டு உளறினால்?

"எவன்டி அத்தன சென்சார் மாட்டப் போறான்? மிஞ்சிப்போனா எட்டு!"

"உப்புக் காத்துல கனெக்டர் அரிச்சுப்போனா, நானூத்தி இருபத்தொம்போது கோடின்னு சொல்லும்டி."

"சொல்லட்டும். மெமரி கெடைக்காது. அம்புட்டுத்தானே?"

"கெடைக்கும்டி! அதான் வம்பே. ஒன் வண்டி மீட்டரப் போய்ப் பாரு."

மீட்டரில் ஐந்தே இலக்கம். கால் வைக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து தகரம் தெரிந்தது. நாலாயிரத்திலா இப்படித் தேயும்? லட்சத்தைத் தொட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற முப்பத்திரண்டு பிட் கணினியும் அப்படித்தான். கணக்கு கொள்ளாவிட்டால் சுற்றிக்கொண்டு வந்து, நானூற்றுச் சொச்சம் கோடிக்கு எட்டே எட்டு பைட்டை நீட்டும். டிரைவர் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும்... அடுத்தவன் இடத்திலும்! பெட்டி படுக்கும். மீன் நாறும்.

அவள் நம்பவில்லை. என் மேசையில் இருந்த சோதனைப் பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தாள். பெட்டி அப்படியே உறைந்தது.

"சனியனே!"

பெட்டியையா, என்னையா?

திருத்தம் ஒரே வரிதான். கெர்னலிலேயே 'ஸ்ட்ரக்ட் சைஸ்' என்று ஒன்று இருக்கிறது. கணக்கை அதனிடம் விட்டுவிட வேண்டும். கணக்கு மீறினால் அது சுற்றாது. இருப்பதிலேயே பெரிய எண்ணில் போய் நின்றுவிடும். அவ்வளவு மெமரி எந்தக் கணினியில் இருக்கிறது? 'இல்லை' என்று பதில் வரும். டிரைவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். மாற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தாள். 'கார்டு சரியில்லை' என்று ஒரு வரி வந்தது; பெட்டி பாட்டுக்கு ஓடியது.

எனக்கு எரிச்சல் எதில் தெரியுமா? பெரிய எண்ணைக் கண்டால் எல்லோரும் சந்தேகப்படுகிறோம். சின்ன எண் என்றால் மட்டும் — பல்லைக் காட்டிக்கொண்டு நம்பிவிடுகிறோம்.

ஓகே அழுத்தினேன். அவள் ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆவூருக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் என் தோளுக்கு மேல் எட்டி எட்டி, என் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆறு இலக்கம்டி... பேசாம ஒக்காரு!"