பழைய போனுக்கு ஒரு பில்டு

உத்தமபாளையத்தில் என் வீட்டு மாடியறையிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயிகளுக்குப் பயிர் வீடியோ காட்டும் போன் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வீடியோ ஓடுவதற்கென்று யாரோ எழுதி இலவசமாக விட்டிருக்கும் நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, உண்டு. அதை அப்படியே செயலிக்குள் தூக்கிப் போட முடியாது. போனிலிருக்கும் சிப்புக்குப் புரிகிற மாதிரி லேப்டாப்பில் பில்டு செய்ய வேண்டும். பழைய சிப்புக்கு ஒன்று, புதுச் சிப்புக்கு ஒன்று.

அந்த வேலையை எங்கள் டீம் லீடர் தானே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால், பில்டு செய்வதற்கென்று எவனோ இணையத்தில் எழுதி வைத்த கட்டளை ஸ்கிரிப்டை எழுத்து மாறாமல் ஒட்டினார். எந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் அட்வான்ஸ்டு விஷயம்" என்பார். நாங்கள் காட்டப்போவது ஒரே வகை வீடியோ. அவரோ உலகத்திலுள்ள அத்தனை வகையையும் உள்ளே திணித்திருந்தார். செயலி பருத்திப் பொதி மாதிரி வீங்கியது. பழைய சிப்புக்கான பில்டு பிழை காட்டி நின்றதும், செய்ய வேண்டிய பில்டுகளின் பட்டியலிலிருந்தே அதைத் தூக்கிவிட்டார்.

"சார், எங்க பக்கம் பாதிப் பேர் பழைய போன்தான் வச்சிருக்காக," என்றேன்.

"இந்தக் காலத்துல யாரும்மா அதை வச்சிருக்கா?" என்று சிரித்தார். வீடியோ காலில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்து வைத்தேன்.

கடமலைக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் செயலிக்கு அறிமுகக் கூட்டம்; நானும் போயிருந்தேன். மடிப்புக் கலையாத சட்டையோடு லீடர் மேடையேறி, எல்லோரையும் செயலியை இறக்கச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு அது இறங்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த தக்காளி விவசாயி ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தா, வீடியோ காட்டுவோம்னு சொன்னாக. இங்கன ஒண்ணையும் காணோமே?"

லீடர் முந்திக்கொண்டார். "இங்க நெட்வொர்க் சரியில்லைங்க."

"நெட்டு நல்லாத்தான இருக்கு. திருப்பூர்லருந்து எம் மகன் இப்பத்தான மூஞ்சியக் காட்டிப் பேசிட்டு வச்சான்."

லீடர் தண்ணீர் குடித்தார். நான் சமையல்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பில் பிழைப் பதிவைத் திறந்து படித்தேன். காரணம் மேலேயே எழுதியிருந்தது. பழைய சிப்புக்கு மட்டும், பில்டு செய்யும் கம்பைலரின் பெயரில் சில எழுத்துகள் கூடுதலாக வரும். ஸ்கிரிப்டில் அவை இல்லை. இரண்டு மாதமாக அந்த ஆள் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. எழுத்துகளைச் சேர்த்தேன், தேவையில்லாத வீடியோ வகைகளை வெட்டினேன். வந்தவர்களுக்குப் போட்ட மதியப் பந்தி முடிவதற்குள் புதுச் செயலி தயாரானது.

தக்காளிக்காரர் போனில் வீடியோ ஓடியது. முழுக்கப் பார்த்துவிட்டு, "இந்த மருந்த நாங்க விட்டு ரெண்டு வருசம் ஆச்சேத்தா, வேற இல்லையா?" என்றார்.

மறுவாரம் கம்பெனி முழுவதற்கும் ஒரு மெயில் வந்தது. லீடரின் வழிகாட்டுதலில் செயலியின் அளவு பாதியாகக் குறைந்ததாம். அவர் மேல் எனக்கு இருந்தது வெறும் இளக்காரம்தான். ஆனால் அந்த மெயிலுக்கு "நன்றி சார்" என்று பதில் போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் மேல்தான் அருவருப்பு வருகிறது.