இறுக்கிப் போட்ட பின்னல்

என் மகளின் நெற்றியோரத்தில் இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு முடி போன நாளை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். மாசி மாதம், சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். இடம், சிதம்பரத்தில் அவள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல் அறை. எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பின்னல் அவிழ்த்தோம். கொஞ்சம் முடி வந்தது."

கொஞ்சம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம் எனக்கு இது. மழை பிடித்த நேரம், விட்ட நேரம், கரண்ட் போன நேரம், வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன குழம்பு. சொந்தக்காரர்களில் யாருக்கு எந்தத் தேதி மறந்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் எழுதியதில் தப்பு இருக்காது என்று ஒரு பெருமை இருந்தது. எழுதாமல் விட்டதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி சுருட்டை முடி. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குக் கடல் காற்று நேராக வரும். அவிழ்த்து விட்டால் ஐந்து நிமிஷத்தில் தலை இரண்டு மடங்காகிவிடும். அதனால் நான் மூன்றாவது படிக்கும்போதிலிருந்து எனக்குத் தலை பின்னும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். கட்டிலில் அவள், அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் நான். காலை ஏழு பத்துக்கு உட்கார்ந்தால் ஏழரைக்குள் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், எல்லாம் முடிந்துவிடும்.

"வலிக்குதுக்கா."

"வலிச்சாத்தாண்டி நிக்கும். சாயங்காலம் வரைக்கும் கலையாம வரணும்ல?"

"புருவமெல்லாம் மேல போவுது."

"போவட்டும். அப்பதான் டீச்சர் கேள்வி கேட்டா யோசிக்கிற மாதிரியே இருக்கும்."

இறுக்கிப் பின்னினால் முடி நீளமாக வளரும் என்றும் சொல்வாள். எங்கள் தெருவில் அதை நம்பாத பெண் கிடையாது. அவள் முடியே அதற்குச் சாட்சி மாதிரி இடுப்புக்குக் கீழே தொங்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் வேகமாக நடப்பாள். பின்னல் அவள் முதுகில் இடமும் வலமும் அடித்துக்கொண்டு போகும். அவள் முகத்தைவிட அந்தப் பின்னல்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இருபத்து நான்கு வயதில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் அவள் முடியைப் பின்னலோடு வெட்டினார்கள். பதினோராம் நாள் காலையில் போய்விட்டாள். அந்தப் பின்னலை அம்மா, மேல்முனையில் கறுப்பு நூல் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பிறகு டின் என்னிடம் வந்தது.

அதன் பிறகு என் தலையை நானே பின்னிக்கொண்டேன். அதே ஏழு பத்து, அதே இறுக்கம். முப்பது வருஷமாக. சில காலைகளில் பின்னி முடித்துக் கையை எடுத்த பிறகும் பின்னாலிருந்து ஓர் இழுப்பு இருக்கும். யாரோ முனையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ரிப்பன் கட்டி முடிக்காத மாதிரி. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கோணிக்கொள்ளும் என்று அக்கா திட்டுவாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இதையும் டைரியில் எழுதியதில்லை.

மகளுக்கு அக்காவின் முடி. பிறந்து மூன்றாவது மாதமே சுருள் தெரிந்துவிட்டது. ஆனால் நீளம் வரவில்லை, தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழேதான். சின்ன வயதிலிருந்து நாட்டியம் கற்றவள். கல்லூரி சேர்ந்ததும் ஹாஸ்டல் பெண்களோடு ஒரு குழுவாக ஆடிக்கொண்டிருந்தாள். மாசியில் சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவர்கள் ஆடுவதாக ஏற்பாடு. மேடைக்கு இடுப்பைத் தாண்டிய பின்னல் வேண்டும். கடையில் விற்கும் சவுரி எல்லாம் நேர் முடி, இவள் சுருட்டையோடு சேராது. பொங்கல் லீவில் வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா முடி இருக்குல்லம்மா, அதக் கட்டிக்கட்டா?"

என் கணவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "செத்தவங்க முடியவா? அம்மாவுக்கும் பொண்ணுக்கும் வேற வேலயில்ல?"

"கடையில விக்கிற சவுரி மட்டும் யார் முடியாம்ப்பா? உயிரோட இருக்காங்கன்னு சீட்டு ஒட்டியா விக்கிறாங்க?"

அவர் தட்டோடு எழுந்து போனார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அக்காவின் முடி இன்னொரு முறை வெளியே போகும் என்று நினைத்தேன். அந்த ஆசையை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாட்டியம் சனிக்கிழமை மாலை. இரண்டு நாள் முன்னதாக, வியாழக்கிழமை, மகள் வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில் கடலூரிலேயே ஒரு பார்லரில் இறங்கி நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மாலை ஆறு இருபதுக்கு வாசலில் நின்றவளை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தலை மழையில் நனைந்த துணி மாதிரி நேராகத் தொங்கியது.

"என்னடா பண்ணிட்டு வந்திருக்க?"

"ஸ்ட்ரெய்ட்டனிங். ஹாஸ்டல்ல எல்லாரும் என்னைய பொதருன்னுதான் கூப்புடுறாளுங்க. அடுத்த வாரம் இண்டர்வியூ வேற வருது." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்குக் கட்டக் கூடாதாம், தண்ணி படக் கூடாதாம். காதுக்குப் பின்னாடி கூட ஒதுக்கக் கூடாதுன்னாங்க. சனிக்கிழம என்னம்மா பண்றது?"

நான் விரல் விட்டு எண்ணினேன். "வியாழன் ஒண்ணு, வெள்ளி ரெண்டு, சனி மூணு. சனிக்கிழம மூணாம் நாள் வந்துடுது. கட்டிக்கலாம்."

எங்களுக்கு எண்ணிக்கை அப்படித்தான். குழந்தை பிறந்தாலும் ஆள் போனாலும் அந்த நாளே ஒன்று. அக்காவுக்குப் பால் ஊற்றிய மூன்றாம் நாளையும் அப்படித்தான் எண்ணினோம். பார்லர் பெண் சொன்னது முழுதாக மூன்று பகல், மூன்று இரவு. தேதி தப்பாதவள் என்று பெயர் எடுத்த நான் அதைக் கேட்டு உறுதி செய்யவில்லை. கட்டலாம் என்ற விடை எனக்கு வேண்டியிருந்தது, வந்துவிட்டது. நேராக்கிய முடிக்கு இனிக் கடைச் சவுரியே சேரும் என்பதையும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம். டின்னை மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மூடி தானாகக் கடகடத்தது. மகள் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "ஊரு வந்துடுச்சின்னு பெரியம்மா சொல்றாங்க போல" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வேனில் கொண்டுவந்ததும் அதே பாலத்தின் மேல்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு ஹாஸ்டல் அறையில் ஆரம்பித்தேன். மகளின் முடியைப் பின்னி, அதன் நுனியில் அக்காவின் பின்னலை வைத்துக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டுவது. அக்காவின் பின்னல் போட்டபடியே இருந்தது, யாரும் அவிழ்த்ததில்லை. ஆனால் நேராக்கிய முடியில் பிடிப்பே இல்லை. மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் அக்கா வழுக்கித் தரையில் விழுந்தாள். பின்னல் என்றுதான் எழுத வேண்டும். அப்போது மனதில் அப்படித்தான் தோன்றியது.

நான்காம் முறை தண்ணீர் தொட்டு வாரினேன். நெற்றியிலிருந்தே இழுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் முழங்கையால் பலம் கொடுத்துப் பின்னினேன். இரண்டு முடிகளும் சேரும் இடம் தெரியக் கூடாது என்பதற்காக அங்கே நூலை இன்னும் இறுக்கினேன்.

"அம்மா, வலிக்குது."

"வலிச்சாத்தாண்டி நிக்கும்."

நான் என் மகளை ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியதில்லை. அவளும் கவனித்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

மண்டபத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து பெண்கள் ஆடினார்கள். இரண்டாவது உருப்படியில் ஒரு திருப்பத்தில் ஐவரும் எங்களுக்கு முதுகு காட்டி மேடையின் உள்பக்கம் நடந்தார்கள். பூச்சரத்துக்கு நடுவே அந்தப் பின்னல் இடமும் வலமும் அடித்துக்கொண்டு போனது. அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். நான் பின்னால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டுவிடுவேன். நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார்.

ஆறே முக்காலுக்கு அறையில் நூலை அவிழ்த்தேன். முடிச்சோடு முடி வந்தது. நெற்றியோரம் சீப்பை வைத்ததும், இழுக்காமலே, கொத்தாக வந்தது. சிலவற்றின் நுனியில் வெள்ளைப் புள்ளியாக வேர். என் உள்ளங்கையில் நேர் முடியும் சுருட்டை முடியும் கலந்து கிடந்தன. மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "போய்ட்டு வாம்மா, பஸ் போய்டும்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வார இண்டர்வியூவுக்குத் துப்பட்டாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு போனாள் என்று பிறகு தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. அதற்கு இது காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பங்குனி முழுவதும் வாரத்துக்கு ஒருமுறைதான் போனில் பேசினாள். எப்போதும் பேசும் நேரம் இரவு எட்டு. அந்த மாதத்தில் மற்ற நாட்களின் எட்டு மணியை டைரியில் காலியாக விட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் தலைமுடியைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எங்கோ தூரதேசத்தில் எங்களைவிடச் சுருண்ட முடியுள்ள பெண்கள் இதே கேள்வியைப் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். பின்னல் முடியைக் காக்கிறதா, கெடுக்கிறதா? மருந்து போட்டு நேராக்கிய பிறகு பின்னலாமா? கேள்வி என்னவோ எங்கள் வீட்டுக் கட்டிலடியில் உட்கார்ந்து கேட்டது மாதிரி இருந்தது.

சித்திரையில் மகளைக் கடலூரில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா விளக்கை நெற்றியில் அடித்துப் பார்த்தார்.

"பின்னல் போடறது தப்பில்லம்மா. சுருட்டை முடியத் தளர்வாப் பின்னி வச்சா நல்லதுதான். சிக்கு விழாது, ஒடியாது. ஆனா நேராக்குன முடி அந்த மருந்துலயே பாதி பலம் போயி நிக்குது. அதுல போயி ஈரமா, இறுக்கமா, மேல இன்னொரு சுமையும் கட்டினா? வேரோட இழுக்கும்."

"திரும்ப வருமா டாக்டர்?" மகள்தான் கேட்டாள்.

"வரும். ஒரே தடவதானே. விட்டுடு, தானா வரும்."

பிறகு அவர் விளக்கை அணைக்காமல் என் பக்கம் திருப்பினார். "ஒங்களுக்கும் அதே எடத்துல முடி போயிருக்கே. எத்தன வருஷமா இப்புடி?"

"சின்ன வயசுல அக்கா பின்னிவுடுவாங்க. கொஞ்சம் ஜாஸ்தி இறுக்குவாங்க."

"அக்கா இப்பவுமா பின்னிவுடறாங்க?"

"இல்ல. அவுங்க போயி முப்பது வருஷமாச்சு."

"அப்ப யாரு இறுக்கறது?"

அவர் விரலால் என் நெற்றியோரத்தை வருடிப் பார்த்துவிட்டு, "இது இனிமே வராதும்மா. வேர் மூடிக்கிச்சு" என்றார். அந்த வழுவழுப்பான இடத்தை நான் தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கம். அக்காவின் கை இருந்த இடம் என் உடம்பில் அது ஒன்றுதான்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை. மகள் நெற்றியோரத்தில் முளைத்திருந்த குட்டி முடியைக் காட்ட வந்து நின்றாள். நேராக இல்லை, சுருண்டு சுருண்டு. "பொதரு திரும்ப வருது பாரு" என்றாள். பிறகு டின்னைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

பின்னலை மடியில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு. இத யாரும்மா போட்டது? பெரியம்மாவே போட்டுக்கிட்டதா?"

முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் நாளுக்கான டைரியை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம். காய்ச்சல் நூற்று மூன்று. இளநீர் இரண்டு வாய். நர்ஸ் வந்தது மூன்று மணி. முடி வெட்டியது மூன்றே கால். நடுவில் பதினைந்து நிமிஷம் காலி.

"நான்தான் போட்டேன்" என்றேன். "நர்ஸ் கத்திரிக்கோலோட வந்தாங்க. சிக்கா கெடந்துச்சு. அப்புடியே வெட்டினா கொத்துக் கொத்தாப் போய்டும், பின்னிட்டு வெட்டுங்கன்னு சொல்லி நான்தான் ஒக்காந்தேன். அதுவரைக்கும் நான் அவளுக்குப் பின்னிவுட்டதே இல்ல. அவ எனக்கு எப்புடிப் போடுவாளோ அப்புடியே போட்டேன். அவ சொன்னா, இறுக்காதடி, வலிக்குதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்த அதே பார்வையோடு மகள் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல" என்றேன்.

மகள் கீழ்முனையிலிருந்து பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள். மிக மெதுவாக, உயிருள்ள தலையில் சிக்கெடுப்பது மாதிரி, ஒவ்வொரு மடிப்புக்கும் மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "மேல புடிச்சுக்கிட்டா வலிக்காது" என்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. முழுதும் பிரிந்த பிறகும் முடி பின்னலின் வளைவுகளோடேயே கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துண்டில் பரப்பினோம். காய்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

அன்று பின்னல் அவிழ்த்ததை டைரியில் நேரத்தோடு எழுதினேன். ஒன்பதாம் நாள், மூன்று மணி முதல் மூன்றே கால் வரை நடந்ததையும் கீழேயே எழுதினேன், இருவர் பேசியதையும் அப்படியே.

இப்போது என் தலையைத் தளர்த்தித்தான் பின்னிக்கொள்கிறேன். ஏழு பத்துக்கு உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கையை எடுக்கிறேன். பின்னாலிருந்து அந்த இழுப்பு இன்னும் வருகிறது.