வலை காயப்போடும் உரிமை

எட்டாம் வகுப்போடு உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. எழுபத்துநாலில், நெடுந்தீவுக் கரையில் ஓலை வாடி போட்டுத் தங்கி மீன்பிடித்த வல்வெட்டித்துறைச் சம்மாட்டி ஒருவரின் சொந்த வள்ளத்தில் கூலிக்கு நின்றேன். உப்புத் தண்ணீரில் கால் வெடித்தது. சோறு தவறாமல் கிடைத்தது.

ஆனி மாதம் கச்சதீவுக்கு அப்பால் விட்ட வலை அறுந்து நீரோட்டத்தில் இந்தியப் பக்கமாகப் போய்விட்டது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு வலைதான். அது இல்லையென்றால் அவருக்கு அந்தப் பருவம் இல்லை, எங்கள் ஐந்து பேருக்கும் வேலை இல்லை.

அந்தக் கடலில் ஒரு வழக்கம் இருந்தது. மிதந்து வரும் வலையை யார் கண்டெடுத்தாலும், இந்தியக் கரை மீனவரோ எங்கள் கரை மீனவரோ, கச்சதீவின் பற்றைச் செடிகளில் விரித்துவிட்டுப் போவார்கள். உடையவன் வந்து எடுத்துக்கொள்வான்.

அந்தக் கிழமைதான் கச்சதீவு இலங்கைக்கென்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் செய்த செய்தி வந்தது. வாசிக்கத் தெரிந்தவன் என்று பேப்பரை என்னிடம் தந்தார்கள்.

“தீவு எங்கடையாம்!” என்று ஒருவன் துள்ளினான்.

“தீவு எங்கடை. என்ரை வலை ஆரிட்டை?” என்றார் சம்மாட்டி. “இனி இந்தியாக்காரர் பயத்திலை அங்கை இறங்குவாங்களோ?”

‘இறைமை’ போன்ற சொற்களைத் தாண்டி, விளங்கிய இடத்தை வாசித்தேன். இந்தியக் கரை மீனவர் தீவுக்கு வந்து வலை காயப்போடலாமாம்.

சம்மாட்டி சிரித்துவிட்டார். “நைலோன் வலையை ஆரடா காயப்போடுறது? நூல் வலையோடை உந்த வேலை முடிஞ்சுது. உதை எழுதினவன் கடலைக் கண்டிருக்கமாட்டான்.”

“எண்டாலும் வரலாமெண்டு கிடக்கண்ணை. ஒருக்காப் போய்ப் பாப்பம்,” என்றேன்.

விடிந்ததும் போனோம். வலை பற்றையில் விரிந்து கிடந்தது. இராமேஸ்வரத்து வள்ளக்காரர் இருவர் பக்கத்தில் குந்தியிருந்து அறுந்த இடங்களை முடிச்சுப் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஆரைக் கேட்டு என்ரை வலையிலை கை வைச்சனியள்?” என்று சம்மாட்டி பொய்க்கோபம் காட்டினார்.

“வலை காயப் போடலாம்னு எங்களுக்குச் சட்டம் வந்திருக்குல்ல அண்ணே,” என்றார் மூத்தவர். “யாரு வலைன்னு அதுல எழுதலையாமே.”

தண்ணீரில்லாத தீவு அது. கொண்டுபோன தண்ணீர்க் கலனை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாள் அந்த வலையோடு கடலுக்குப் போனோம். அவர்கள் போட்ட முடிச்சு எங்கள் முடிச்சல்ல. சம்மாட்டி அதை அவிழ்க்கவில்லை.

இரண்டு வருஷத்தில், ஒரு நாட்டுக் கடலில் மற்ற நாட்டார் மீன்பிடிக்கக்கூடாதென்று இன்னொரு உடன்பாடு வந்தது. அப்போது நான் வவுனியாவில் லொறியில் வேலைக்கு நின்றேன். அதற்குப் பிறகு அறுந்து போன வலைகளை எங்கே கொண்டுபோய் விரித்தார்களோ, எனக்குத் தெரியாது.